குபியாக்கின் இரண்டு காலுறைகள்

எங்கள் ஏரிக்கரை ஊரான பைன் பெண்டில் எதையும் இரவல் கேட்கலாம். பந்தயப் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் சனிக்கிழமை மதியமே ஒரு வீட்டு வண்டியிலிருந்து இன்னொரு வீட்டு வண்டிக்குச் சாமான்கள் போய்வர ஆரம்பித்துவிடும். ஸ்பார்க் பிளக், கேஸ்கெட், பிஸ்டன், நாலு லிட்டர் விளக்கெண்ணெய். முழு கிராங்க்ஷாஃப்டையே தன் மோட்டாரிலிருந்து கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. கொடுத்துவிட்டு, மறுநாள் அதே கிராங்க்ஷாஃப்டிடம் தோற்று, "எப்படி, நல்லா சுத்துச்சா?" என்று கரையில் நின்று விசாரித்தவர்களும் உண்டு. கேட்டவனுக்கு இல்லை என்பது எங்கள் ஊரில் அசிங்கம்.

படகைத் தள்ளும் புரொப்பெல்லர் மட்டும் வேறு. அதை யாரும் கேட்பதில்லை, யாரும் தருவதுமில்லை. பார்ப்பதே மரியாதையில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி மாற்றும்போது அவள் ஜன்னலைத் தாண்டிப் போகிறவன் எப்படிச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பானோ, அப்படித்தான் அடுத்தவன் படகின் பின்புறத்தைத் தாண்டி நடக்க வேண்டும்.

இரண்டே இறக்கை, வெண்கலம், உள்ளங்கையில் அடங்கும் சாமான். கடையில் வாங்கும்போது எல்லாம் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு வீட்டுக் கீழறையிலும் அரமும் சுத்தியலும் அதன்மேல் என்ன செய்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மயிரிழை கூடினால் முதலிடம், குறைந்தால் ஐந்தாமிடம். ஆகவே அது பழைய காலுறைக்குள் இருக்கும். காலுறை காபி டப்பாவுக்குள் இருக்கும். படகை மொட்டைத் தண்டோடு தண்ணீரில் இறக்கி, ஒருவன் இடுப்பளவு ஆழத்தில் நின்று, தண்ணீருக்கு அடியிலேயே தடவித் தடவி அதைப் பொருத்துவான். பந்தயம் முடிந்ததும் படகைத் தூக்குவதற்கு முன் அதே ஆழத்தில் கழற்றி அதே காலுறைக்குள் போடுவான்.

ரிங்டால் வீட்டில் அந்த ஒருவன் நான். என் அண்ணன் டெல்மர் படகுக்குள் முட்டி போட்டு, மோட்டார் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கும்வரை பின்பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நான்தான். அந்த மோட்டாருக்கு நின்ற இடத்தில் சுற்றத் தெரியாது. பற்றிக்கொண்ட கணமே படகு பாயும். ஏரித் தண்ணீரும் எரிபொருளான ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் கலந்து முகத்தில் அறையும்.

"வாயைத் திறக்காத ஆளு வேணும்னுதான் வெண்டலைப் பிடிச்சிருக்கோம்" என்பாள் ஆர்டிஸ் அண்ணி.

இது அண்ணியைப் பற்றியது.

அவள் குபியாக் வீட்டுப் பெண். அப்பா காஸிமிர் குபியாக் குழாய் ரிப்பேர் செய்பவர். ஊரில் பாதி வீட்டின் கழிவறைகள் அவருக்கு நன்றிக்கடன் பட்டவை. முப்பது வருடம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதில் அவர் விரல் நுனிகள் மரத்துப்போயின. அராவக் கை உண்டு. அராவியதை உணர விரல் இல்லை. அதனால் பதினொரு வயதில் ஆர்டிஸ் அவருடைய விரலானாள். எட்டுக் குளிர்காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், கீழறையில் அவர் இரண்டு இழுப்பு அராவுவார்; அவள் கண்ணை மூடி, நாக்கு நுனியைக் கடைவாயில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் வருடுவாள். "இங்க ஒரு மேடு." மறுபடி இரண்டு இழுப்பு. "இப்ப சரி. ஐயோ அப்பா, போதும், நிறுத்துங்க!" அப்படி உருவானதுதான் குபியாக்கின் புகழ்பெற்ற புரொப்பெல்லர். அதை வைத்து ஏழு வருடம் எங்கள் எல்லோரையும் அழ வைத்தார்.

அவள் அம்மா ஸ்டெல்லாவுக்கு மகள் பியானோ வாசிக்க வேண்டுமென்று ஆசை. மகளுக்குப் படகு ஓட்ட வேண்டுமென்று ஆசை. அப்பாவுக்கு இரண்டிலும் ஆசையில்லை.

"லியோன் ஓட்டட்டும். உன்கிட்ட எனக்கு விரல் போதும், முட்டி வேண்டாம்" என்றார். லியோன் அவளுடைய தம்பி. வளைவில் கண்ணை மூடிக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் அவளிடம் போய் நின்றான். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன்; எங்கள் படகின் பெயரே 'பாலாடை'. எப்படிக் கேட்டான் என்று அண்ணியிடம் ஒருமுறை விசாரித்தேன்.

"அவன் மோதிரத்தைக் காட்டினான். நான் படகைக் காட்டினேன்."

"அப்புறம்?"

"ரெண்டும் உனக்குத்தான்னான். மோதிரம் மட்டும் வந்துச்சு."

குபியாக்குகள் கத்தோலிக்கர்கள், நாங்கள் லூத்தரன்கள். சாதாரணமாக இதுவே ஒரு வருடம் பேசப் போதும். ஆனால் ஊர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குபியாக்கின் விரல் ரிங்டால் வீட்டுக்குப் போகிறது என்பதுதான் பேச்சு. கல்யாணத்தன்று தேவாலய வாசலில், வெள்ளை உடையும் பூச்செண்டுமாக மகள் நிற்க, உள்ளே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட, காஸிமிர் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

"ரிங்டால் வீட்டு புரொப்பெல்லர் எதுலயும் அரம் வைக்கமாட்டேன்னு சொல்லு."

"அப்பா, பாதிரியார் பாக்கறார்."

"பாக்கட்டும். சாட்சிதானே."

சொன்னாள். காப்பாற்றவும் செய்தாள். டெல்மர் இரவுச் சாப்பாட்டின்போது தன் புரொப்பெல்லரை அவள் தட்டுக்குப் பக்கத்தில், ஏதோ மறந்து வைத்தது மாதிரி வைப்பான். அண்ணி அதை நகர்த்திவிட்டு அங்கே உருளைக்கிழங்குப் பாத்திரத்தை வைப்பாள். "ஒரு தடவை தொட்டாத்தான் என்ன?" என்பான். "ஒரு தடவை ஓட்டினாத்தான் என்ன?" என்பாள். பிறகு இருவரும் சாப்பிடுவார்கள். நானும் அதே மேஜையில்தான் சாப்பிட்டேன். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது, ஆகவே உப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

டெல்மர் கெட்டவன் இல்லை. படகைத் தருவதாகச் சொன்னது உண்மைதான். இன்றைக்கு என்று சொல்லவில்லை. இரண்டு கோடை முழுக்க அவனிடம் காரணங்கள் இருந்தன. காற்று. அலை. மோட்டார் இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறது. படகு இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஒருமுறை, எதுவும் கிடைக்காமல், "ஏரி இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றான். அண்ணி முதல் கோடையிலேயே பந்தய ஓட்டுநர் அட்டைக்கு எழுதிப் போட்டு வாங்கிவிட்டாள். அது அடுக்களையில் மாவுச் சல்லடைக்கு அடியில் இருந்தது. சல்லடையை எடுக்கும்போதெல்லாம் அட்டையின் மேலிருந்த மாவை ஊதிவிட்டு, திரும்ப வைப்பாள்.

ஐம்பத்தேழாம் வருடம், ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஏரியில் ஆராதனை முடிந்து மணி அடிக்கும்வரை மோட்டார் சத்தம் கூடாது என்பது ஊர்க் கட்டளை. பதினொரு மணிக்கு மணி. பதினொன்றரைக்கு முதல் பந்தயம். ஆகவே பத்து மணிக்குக் கரையே கோயில் மாதிரி இருந்தது: தார்ப்பாய்களுக்குக் கீழே ஆண்கள் திருப்புளிகளோடு முணுமுணுத்துக்கொண்டும், பெண்கள் கத்திகளோடு முணுமுணுத்துக்கொண்டும். அண்ணி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். காஸிமிர் குபியாக் இரண்டு கைகளிலும் இரண்டு காபி டப்பாக்களை அணைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக எங்கள் தார்ப்பாய்க்குள் நுழைந்தார்.

"மாப்பிள்ளை எங்க?"

"அந்தப் பக்கம் கார்புரேட்டரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கான். காபி குடிக்கிறீங்களாப்பா?"

"ரிங்டால் வீட்டுக் காபியா? எனக்கு இன்னும் சாகற வயசாகல." என்னைப் பார்த்தார். "இவன்?"

"அவன் வாயைத் திறக்கமாட்டான். தண்ணிக்குள்ள நின்ன பழக்கம்."

அவர் டப்பாக்களை உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா காலுறையைத் துவைச்சுட்டா."

"நல்லதாப் போச்சு. வீடே நாறிச்சு."

"ரெண்டையும் துவைச்சுட்டா. காயப் போட்டா. குதிகால் ஓட்டையைத் தெச்சா. அப்புறம் எது எதுல இருந்துச்சுன்னு பாக்காம உள்ள போட்டு வச்சுட்டா. இப்ப டப்பாவைத் திறந்தப்பத்தான் சொல்றா! நான் என்ன பண்ணட்டும்? பதினொரு மணிவரைக்கும் மோட்டாரைத் தொட முடியாது, ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிக்க நேரமில்ல."

"ரெண்டா?" அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணுதானே இருந்துச்சு?"

காஸிமிர் ஏரியைப் பார்த்தார். "அது ஒரு... ஸ்பேர்."

ஸ்பேர் புரொப்பெல்லரை அசலின் கீறல் முதற்கொண்டு ஒன்றுபோல் யாரும் செய்வதில்லை. ஜனவரியிலேயே ஸ்டெல்லா அம்மாள் தேவாலயத் தையல் கூட்டத்தில் மகளிடம் சொல்லியிருந்தார்: உங்கப்பா கீழறையில் இன்னொன்று செய்கிறார், பழசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலுள்ள வடுக்களைக்கூடச் சுத்தியால் தட்டித் தட்டி இதிலும் உண்டாக்குகிறார் என்று. எதற்கு என்று அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. மகள் என்றைக்காவது புருஷனுக்காகத் திருட வருவாள். வந்தால் கெட்டதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமினாள். "என்னை நம்பலைன்னு வருத்தம் இல்ல, வெண்டல். நான் திருடப் போனா கள்ளச் சாமானைத் தொட்டதும் தெரிஞ்சுக்கமாட்டேன்னு நெனச்சார் பாரு. அதான் அவமானம்."

இப்போது அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவினாள். ஏப்ரனில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "கொடுங்க."

முதல் காலுறையிலிருந்து எடுத்தாள். முதலில் நடுத்துளைக்குள் எட்டிப் பார்த்து ஊதினாள், மாவு ஊதுவது போல. பிறகு கண்ணை மூடினாள். நாக்கு நுனி கடைவாய்க்குப் போனது. கட்டைவிரல் இறக்கையின் மேல் மெதுவாக ஏறி இறங்கியது. இரண்டாவதை எடுத்தாள். அதிலும் ஊதினாள், கண்ணை மூடினாள். பின் விளிம்புக்கு வந்தபோது விரல் நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்து நின்றது. கடைவாயிலிருந்த நாக்கு உள்ளே போய்விட்டது.

காஸிமிர் இதைப் பார்க்கவில்லை. தாம் ரிங்டால் தார்ப்பாயில் நிற்பதை யாராவது பார்க்கிறார்களா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் உங்க பழசு" என்று முதலாவதை நீட்டினாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் அவள் நெற்றியில் முத்தமிட்டார். காலுறையைச் சட்டைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"அப்ப இந்த ஸ்பேரை என்ன பண்ணப்போறீங்க?"

"ஏன்?"

"எனக்குக் கொடுத்துடுங்க. விரலுக்குக் கூலி."

காஸிமிரின் மீசையை நான் அப்போது பார்த்தேன். வலது ஓரம் துடித்தது. எட்டு மாதம் முன்பு வைத்த பொறி. எலி தானாக வந்து, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்கிறது. ஆனால் உடனே சரி என்றால் நன்றாக இருக்காதே.

"குபியாக் வீட்டுப் புரொப்பெல்லர் வெளிய போனதே இல்ல, புள்ளே. எங்கப்பா ஆத்மா..."

"உங்கப்பா படகையே பாத்ததில்ல. போலந்துல பன்னி மேய்ச்சவர்."

"இருந்தாலும்..." பெருமூச்சு விட்டார். "சரி. நீ கேட்டு எப்படி இல்லைங்கறது? எடுத்துக்க."

"இரவலா?"

"சொந்தமா. இந்த ஊமையன் சாட்சி."

மணலில் நடந்து போகும்போது சீட்டியடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை.

"அண்ணி, அது கெட்டது" என்றேன்.

"கெடுக்கணும்னு செஞ்சது. கையை வை."

வைத்தேன். வெண்கலமும் விளக்கெண்ணெய் வாசமும்தான் தெரிந்தன.

"தெரியலையா? பின் விளிம்பு பூரா ஒரு சின்ன மடிப்பு, கண்ணிமை மாதிரி. கெடுக்கறதுக்குன்னே மடிச்சுவிட்டிருக்கார். ஆனா பாவம், அவருக்குக் கோணலா மடிக்க வரல. இந்த முனையிலேர்ந்து அந்த முனைவரைக்கும் ஒரே சீரா வந்திருக்கு. திரும்பற எடத்துல தண்ணிய வழுக்கவிடாம அது பிடிச்சுக்கும்னு என் கட்டைவிரல் சொல்லுது."

"கட்டைவிரல் தப்பா சொன்னா?"

"ஊர் பாக்கக் கடைசில வருவேன்."

வருவேன் என்றுதான் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டெல்மர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பழுப்புக் காலுறையைப் பார்த்தான். அது யார் வீட்டுக் காலுறை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆர்டிஸ்! அது... உங்கப்பா... எப்படி?"

"கொடுத்தார். அரம் வைக்கமாட்டேன்னுதான் சொல்லியிருக்கேன், மாட்டமாட்டேன்னு சொல்லல." அண்ணி காலுறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஆனா நான் முட்டி போடற படகுலதான் இது சுத்தும்."

"காத்து..."

"எலை அசையல."

"மோட்டார் இன்னிக்கு..."

"நேத்து நீயே பூனைக்குட்டி மாதிரி இருக்குன்னே."

"தொட்டுப் பாக்கவாச்சும் கொடேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் இதையே கேட்டே. பதிலும் அதேதான்."

நான் ஏரியைப் பார்த்தேன். ஏரி அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

டெல்மர் காது சிவந்து நின்றான். பிறகு அவனுக்கும் ஒரு யோசனை வந்தது. "சரி. ஓட்டு. ஆனா முதல் மூணுக்குள்ள வரலைன்னா?"

"வரலைன்னா இனிமே கேக்கவேமாட்டேன். ஆயுசுக்கும் உருளைக்கிழங்கு நறுக்கறேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை. குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "வந்தேன்னா படகு என்னுது. வெண்டல் சாட்சி."

ஒரு காலையில் இரண்டாவது சாட்சி. அதற்குமுன் என் வாழ்நாளில் மொத்தமே ஒன்று, அதுவும் ஒரு மாட்டு வியாபாரத்துக்கு.

மணி அடித்தது. எங்கள் பாஸ்டருக்கும் படகுப் பைத்தியம் உண்டு. அன்றைக்குப் பிரசங்கம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்தது. டெல்மரின் மிதவைச் சட்டை அண்ணிக்கு மூட்டை மாதிரி இருந்தது. ஏப்ரன் கயிற்றை அவிழ்த்து அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் தலைத்துணி சுற்றினாள். பெயர் கொடுக்கும் மேஜையில் மாவு படிந்த அட்டையை நீட்டியபோது மேஜைக்காரர் மூக்கை உறிஞ்சி, "இது கேக் வாசனையா?" என்றார். கரை முழுக்கத் தார்ப்பாய்களிலிருந்து தலைகள் வெளியே வந்தன. குபியாக் தார்ப்பாயிலிருந்து மட்டும் குரல் வந்தது:

"மாப்பிள்ளே! சமையலுக்கு இன்னிக்கு நீயா?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று காலுறையிலிருந்து அதை உருவி, தண்டில் ஏற்றி, ஆணியைச் செருகினேன். பின்பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊமையா, விடுன்னா விட்டுடு" என்றாள். கயிற்றைச் சுற்றி இழுத்தாள். மோட்டார் இருமிவிட்டு நின்றது. கரையில் யாரோ சிரித்தார்கள். மறுபடி சுற்றினாள். "நான் அப்பாவுக்கும் லியோனுக்கும் எட்டு வருஷம் கயிறு சுத்திக் கொடுத்திருக்கேன், சனியனே, என்கிட்டயா?" என்று மோட்டாரிடம் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. இழுத்தாள். பற்றியது. விட்டேன். முகம் நிறைய வாங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அவள் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகியிருந்தாள்.

எங்கள் பந்தயம் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. நடுவர் மிதவையில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. கடைசி ஒரு நிமிடத்தை அதன் ஒற்றை முள் காட்டும். படகுகள் சுற்றிச் சுற்றி ஓடி, முள் உச்சிக்கு வரும் கணத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தினால் வெளியே. தயங்கினால் அடுத்தவன் இறைக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். எட்டுப் படகுகள். லியோன் ஓட்டிய குபியாக் படகு 'ஸ்டெல்லா' சரியான கணத்தில் தாண்டியது. பாலாடை ஒரு படகு நீளம் பின்னால், மூன்றாவதாக. நேர்க்கோட்டில் ஸ்டெல்லா இன்னும் அரை நீளம் இழுத்துக்கொண்டு போனது. காஸிமிர் நிறுத்துக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார். பழசு பழசுதான்.

வளைவு வந்தது.

வளைவில் எல்லா மோட்டாரும் அலறும். படகு சரியும்போது புரொப்பெல்லர் காற்றைக் குடித்துவிடும். பிடிப்பு போய், வெறும் சத்தம் மட்டும் மேலே ஏறும். ஓட்டுகிறவன் முடுக்கியில் கையைத் தளர்த்தி, மறுபடி பிடிப்பு வரக் காத்திருப்பான். எட்டு மோட்டாரும் அலறப்போகிறது என்று கரை காதைத் தயாராக வைத்திருந்தது. ஏழு அலறின. ஒன்று மட்டும் ஒரே ஸ்வரத்தில், எதுவும் நடக்காதது போல, போய்க்கொண்டே இருந்தது. பார்ப்பதற்கு முன் கேட்டுவிட்டேன். அவள் வளைவைக் குறிக்கும் மிதவையை ஒட்டி, உள்பக்கமாக, கையைத் தளர்த்தாமல் திரும்பினாள்.

இரண்டாவதாக ஓடிய படகு பின்னுக்குப் போனது. ஸ்டெல்லா நேர்க்கோட்டில் விலகியது. அடுத்த வளைவில் அண்ணி அதன் வாலைத் தொட்டாள். மறுபடி விலகியது, மறுபடி தொட்டாள். மூன்றாவதும் கடைசியுமான சுற்றின் இறுதி வளைவில் லியோன் திரும்பிப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயதிலிருந்து பழகியபடி, வழிவிட்டுவிட்டான் என்று அண்ணி சொல்வாள். இல்லை, புரொப்பெல்லர்தான் என்று டெல்மர் சொல்வான். இரண்டு படகு நீளம் முன்னால் அவள் கோட்டைத் தாண்டினாள். காஸிமிரின் நிறுத்துக்கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மாலை நாலு மணிக்கு ஸ்டெல்லா அம்மாள்தான் அதை நிறுத்தினார்.

அண்ணி படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் காத்திருந்தேன். எனக்கு முன் காஸிமிர், ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு, நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"பொய்க்காரி! சத்தியம் பண்ணினியே! நல்லதை நீ வச்சுக்கிட்டு கள்ளத்தை எங்கிட்ட..."

"கள்ளமா?" அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க எண்ணெய். "ஸ்பேருன்னுதானேப்பா சொன்னீங்க?"

பின்னால் மற்ற ஒன்பது குடும்பமும் கரையில் வரிசையாக, எதையும் பார்க்காதவர்கள் போல நின்றது.

"உங்க பழசு உங்ககிட்டதான் இருக்கு. லியோனைக் கழட்டச் சொல்லுங்க. நடுத்துளைக்குள்ள ஆணி போற எடத்துக்குப் பக்கத்துல பாருங்க. பதினோரு வயசுல ஆணியால என் பேரோட முதல் எழுத்தைக் கீறி வச்சிருக்கேன்."

லியோன் கழற்றினான். காஸிமிர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். ஸ்டெல்லா அம்மாள் கரையிலிருந்து நீட்டினார். காஸிமிர் துளைக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கு" என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். "அப்ப காலைல கண்ணை மூடி, தடவி, அந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? எட்டிப் பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே!"

"கூலி கேக்கணுமே அப்பா. வேலை பெருசாத் தெரிய வேண்டாமா?"

கரையில் யாரோ சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். பாஸ்டராகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப அது?" பாலாடையின் பின்புறத்தைக் காட்டினார், தண்ணீருக்குள் எதுவும் தெரியாதபோதும்.

"அது நீங்க எனக்காகப் பண்ணினது. நான் திருடறதுக்காக. திருடாம வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

"தெரியுமா உனக்கு?"

"ஜனவரியிலேர்ந்து."

காஸிமிர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா அம்மாள் ஏரியைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஏரியைப் பார்ப்பார்கள்.

அவர் தண்ணீருக்குள் கையை விட்டார். தடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவர் விரல்கள் இறக்கையைத் தொட்டுவிட்டன. தடவினார். மறுபடி தடவினார். முப்பது வருட ஈயம் அந்த விரல்களுக்கு எதையும் சொல்லவில்லை. கையை எடுத்து, ஈரத்தோடு, அப்படியே பார்த்தபடி நின்றார்.

"ஆர்டிஸ். நான் இதுல என்ன பண்ணியிருக்கேன்?"

அண்ணி சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்கப்பா."

"என்னன்னு சொல்லேன்."

"சொல்லமாட்டேன்."

"ஒரே ஒரு வாரம் கொடு. பாத்துட்டுத் தந்துடறேன்."

கரையில் ஒன்பது குடும்பமும் மூச்சை இழுத்தது. எங்கள் ஊரில், என் நினைவில், ஒருவன் இன்னொருவரிடம் வாய்விட்டுப் புரொப்பெல்லர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணி படகிலிருந்து கால்களை எடுத்து வெளியே போட்டு, முழங்கால் தோலை நீவிவிட்டுக்கொண்டாள். "கிராங்க்ஷாஃப்ட் வேணும்னா சொல்லுங்க. இப்பவே கழட்டித் தர்றேன்."

ஐந்து கோடை ஆகிவிட்டது. பாலாடை அவளுடையது. ஒரு வருடம் ஐந்தாம் மாதக் கர்ப்பத்தோடு ஓட்டி, மிதவைச் சட்டை பொருந்தாததால் மட்டும் நிறுத்தினாள். பின்பலகையைப் பிடிப்பது இன்னும் நான்தான். காலுறையைப் பிடிப்பது டெல்மர். தொட அனுமதி கிடைத்துவிட்டது; அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

காஸிமிர் இப்போது பந்தயமில்லாத ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். பேரன் பேத்தியைப் பார்க்க என்று சொல்லிக்கொள்கிறார். சாப்பாட்டின் நடுவில் எழுந்து, "உப்பு எடுத்துட்டு வர்றேன்" என்று சாமான் அறைக்குள் போவார். மாவு டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு சர்க்கரை டப்பா. பிறகு பட்டாணி.

"கிடைச்சுதாப்பா?" என்பாள் அண்ணி, முள்கரண்டியை நிறுத்தாமல்.

"தேடிக்கிட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

உப்பு மேஜைமேல்தான் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் அவர் தட்டுப் பக்கமாக நகர்த்தி வைப்பேன்.